டிராகன் இறக்கையில் சாமை

பிள்ளைகளா, புதிதாக நிறம் போட வருகிற யாரைப் பார்த்தாலும் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "எந்த பிரஷ் யூஸ் பண்றீங்க மேடம்?" என்னவோ பிரஷ்ஷுக்குள் மந்திரம் ஒளிந்திருப்பது போல. கையில் கிடைத்ததை வைத்துப் போடுங்கள் கண்ணுகளா, கொஞ்ச நாளில் தானாக வந்துவிடும். என் வேலைக் காலம் முழுவதும் மௌஸிலும் பேனாவிலும் போயிற்று, ஆனால் ஓய்வு பெற்ற பிறகு நான் உட்கார்ந்து நினைத்துக்கொள்வது ஒரு மனுஷனைப் பற்றித்தான். என் உயிரை வாங்கிய மனுஷன். அவர் கதையைச் சொல்கிறேன், டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

வேலூரில் எங்கள் ஸ்டுடியோவின் பிழைப்பே உலகத்தில் இல்லாததை வரைவதுதான். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கும் சிறுவர் புத்தகங்களுக்கும் பூதம், அரக்கி, பறக்கும் குதிரை என்று கேட்டதைக் கேட்டபடி செய்து தருவோம். நான் சொன்ன அந்த மனுஷன் பென்சிலால் தாளில் வரைவார். அதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி, பேனா டேப்லட்டில் நான் நிறம் போடுவேன். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் போன் போட்டுச் சண்டை பிடிப்பார். ஆகவே ஸ்டுடியோவில் நாங்கள் கூப்பிட்டபடியே பென்சில் அண்ணன் என்கிறேன்.

எங்களுக்குள் சண்டை எதற்கு என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் அது வரும். கம்ப்யூட்டரில் ஒரு படம் என்பது கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போலத்தான். மேல் தாளில் அவருடைய பென்சில் கோடு, அடியில் என் நிறம். நிறம் முழுவதும் வந்த பிறகு கோட்டுத் தாளை நான் மறைத்துவிடுவேன். அப்போதுதான் படம் நிஜம் போல நிற்கும். நான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவர் வந்து கோட்டை மறுபடி தெரிய வைத்துவிட்டுப் போவார். நான் வந்து மறைப்பேன். அவர் வந்து காட்டுவார். "என் கோட்ட சாவடிக்கறியே மேரி, உனக்குப் பாவமா இல்ல?" என்பார். "உங்க கோடு எலும்பு மாதிரி அண்ணா. எலும்ப வெளிய தெரிய வச்சுக்கினு எவனாவது கல்யாணத்துக்குப் போவானா?" என்பேன் நான். எங்கள் குடும்பம் படவேட்டுப் பக்கம் கரும்பு வைத்த குடும்பம், வாய்க்குப் பஞ்சமே கிடையாது. அவர் ஜவ்வாது மலைக்காரர், பேசுவது குறைவு, ஆனால் பேசினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

இப்படி மல்லுக்கட்டிக்கொண்டே நாங்கள் நூற்றுக்கணக்கான படங்களைச் செய்தோம். ஒரே ஒரு படத்தை மட்டும் அவர் நிறம் போடத் தரவேயில்லை. முன்பு எப்போதோ மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனக்காக வரைந்த படம் அது. ஒரு பெரிய டிராகன் மலைக் கிராமத்தைச் சுற்றி வளைந்து படுத்திருக்கிறது. ஒரு இறக்கையைப் பாறையின் மேல் விரித்து வைத்திருக்கிறது. அந்த இறக்கையில் பெண்கள் சாமையைக் காயப் போட்டிருக்கிறார்கள். ஒருத்தி நடுவில் நின்று, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு டிராகனைத் திட்டுகிறாள். தும்மினால் தானியம் சிதறிவிடுமே என்று அந்தப் பெரிய ஜீவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்க்கிறது. ஐயோ, அந்தக் கண்ணின் பயம் இருக்கிறதே, பார்த்த யாரும் சிரிக்காமல் போனதில்லை. நான் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். "இத மட்டும் வுட்டுடு மேரி" என்பார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருக்கையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. நல்ல வேளை, உயிர் பிழைத்தார், கொஞ்ச நாளில் கோல் ஊன்றி நடந்தார், பேச்சும் மெதுவாகத் திரும்பியது. வலது கை மட்டும் வரவில்லை. வரைகிற கை. ஸ்டுடியோவுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் மனைவியோடு மலைக்கே போய்விட்டார். நான் போன் செய்தால் அண்ணிதான் எடுப்பார். "தூங்கறார் மேரி" என்பார். பகல் பதினோரு மணிக்கு ஒரு மனுஷன் தூங்குவானா? எனக்குப் புரியாமல் இல்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் புது மேனேஜர் பழைய ஸ்கேன்களைக் கிளறி, அந்த டிராகனை எடுத்து ஒரு சிறுவர் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டார். அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. கதைப் புத்தகத்தின் அட்டைக்கு வண்ணத்தில் வேண்டும் என்றார்கள். மேனேஜர் சம்மதம் கேட்டு மலைக்குப் போன் செய்தார். முடியாது என்று வைத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். பென்சில் அண்ணனோ, "மேரி போடட்டும். ஆனா என் கண்ணு முன்னாடி போடட்டும்" என்றாராம்.

"திங்கட்கிழமை காலைல படம் அச்சுக்குப் போகணும் மேடம்" என்றார் மேனேஜர். "இல்லன்னா கம்ப்யூட்டரே தானா வரைஞ்சு குடுக்கற படத்த போட்டுக்குவோம்னு சொல்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. அட்டை போனால் போகட்டும். எங்கோ ஒரு மெஷின் துப்பிய டிராகன் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டால், இந்த மனுஷன் இனி போர்வையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். அதுதான் எனக்குப் பயம்.

வெள்ளிக்கிழமை லேப்டாப்பையும் டேப்லட்டையும் துண்டில் சுற்றிக்கொண்டு போளூரில் ஜமுனாமரத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் டேப்லட்டைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, "இன்னாம்மா அது, சாமி படமா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அண்ணன் வாசலில் நாற்காலியில் இருந்தார். இளைத்திருந்தார். ஒரு பக்கம் சட்டை தோளிலிருந்து இறங்கி நின்றது. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா, கோடு கொல்றவளே" என்றார், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து. "வந்துட்டேன், எலும்புக்காரரே" என்றேன்.

மேசையைப் போட்டு லேப்டாப்பைத் திறந்தோம். அவர் என் இடது பக்கம் உட்கார்ந்தார். வலது கை தொங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அண்ணி ஒரு துண்டை மடித்து மேசையில் போட்டு, அந்தக் கையை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டுப் போனார். அது என் டேப்லட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. வேறு யாரோ வைத்துவிட்டுப் போன பை மாதிரி அதை விட்டுவிட்டார்.

நான் போட ஆரம்பித்தேன். பிடிக்காவிட்டால் "எடு" என்பார். ஆனால் பேச்சு மெதுவாகத்தான் வரும். அந்த "எடு" வருவதற்குள் நான் பத்து இழுப்பு இழுத்திருப்பேன். எதை எடுக்கச் சொன்னார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அவருக்கு முகம் சிவந்துவிடும். எனக்கும் கோபம் வந்துவிடும். கடைசியில் லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினேன். கடைசியாகப் போட்டதைத் திரும்ப எடுக்கிற அன்டூ இருக்கிறதே, அதற்குக் கீபோர்டில் ஒற்றைச் சாவி அமைத்து, அவருடைய இடது கை விரலை எடுத்து அதன் மேல் வைத்தேன்.

"புடிக்கலன்னா இத அமுக்குங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவர் கண்ணில் பழைய குறும்பு தெரிந்தது. "நெஜமா கேக்க மாட்டியா?"

"மாதா சத்தியமா கேக்க மாட்டேன்."

அவசரப்பட்டு சத்தியம் செய்யாதீர்கள் பிள்ளைகளா. வெள்ளிக்கிழமை இருட்டும் வரைக்கும் நான் போட்டேன், அவர் எடுத்தார். வானத்துக்கு நீலம் போட்டேன், எடுத்தார். மங்கலாக்கினேன், எடுத்தார். டிராகன் தோலுக்குப் பலாப்பழத் தோல் மாதிரி முள்முள்ளாகப் பச்சையும் மஞ்சளும் கலந்து போட்டேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக ஒரு தோல் போட்டதில்லை. டக் டக் டக் என்று முழுவதையும் எடுத்துவிட்டார். சனிக்கிழமையும் அதே கதை. மதியம் மேனேஜர் போன் செய்து எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்று கூசாமல் சொன்னேன். திரையில் பென்சில் கோட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்னொரு நிறம், இன்னொரு பிரஷ், வேறு வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுவீர்கள். நானும் ஒன்றரை நாள் அதைத்தான் செய்தேன். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த விரலைப் பார்த்தேன். நான் போட்டு முடித்ததும், படம் அவர் கண்ணில் படுவதற்கு முன்பே அது இறங்குவது போல எனக்குத் தோன்றியது.

சோதித்துப் பார்த்தேன். படத்தின் அடித்தாள் வெள்ளை. வெள்ளை நிறத்தைத் தொட்டு, இறக்கை மேல் நீளமாக இழுத்தேன். வெள்ளை மேல் வெள்ளை. திரையில் ஒரு மாற்றமும் கிடையாது. அவர் அமுக்கினார். இன்னொரு முறை இழுத்தேன். அமுக்கினார்.

எனக்கு வந்ததே கோபம். "யோவ்! நான் இப்ப இன்னா போட்டேன், சொல்லு!"

அவர் திடுக்கிட்டார். "றெக்க..." என்றார்.

"றெக்கையும் இல்ல, வாலும் இல்ல! வெள்ள மேல வெள்ள இழுத்தேன்யா. ஒண்ணுமே போடல. ஒண்ணுமே போடாததுல உனக்கு இன்னாய்யா புடிக்கல?"

மரியாதையெல்லாம் மலை இறங்கிப் போய்விட்டது. அத்தனை வருஷத்தில் அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. அவர் விரலைச் சாவியிலிருந்து எடுக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது ஒண்ணுதான் மேரி மிச்சம்" என்றார். "நீ போட்டு முடிச்சிட்டீன்னா... அப்பறம் எனக்கு இன்னா கீது? இனிமே நான் ஒண்ணு வரையப் போறேனா?"

பிள்ளைகளா, "அதெல்லாம் சரியாய்டும்" என்று பொய் சொல்ல மனசு வரவில்லை. படத்தை மூடிவிட்டு, அட்டையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். நிஜமாகவே மூடப் போனேன்.

நிலைப்படியில் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அண்ணி எழுந்து உள்ளே வந்தார். இந்த இரண்டு நாளும் அவர் திரைப் பக்கம் வரவேயில்லை, இது எங்கள் ஆபீஸ் சண்டை என்று விட்டிருந்தார். இப்போது வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து பார்த்தார்.

"றெக்க மேல நின்னுகினு திட்றாளே, இவ யாரு?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இடுப்புல கை வச்சுகினு கீறாளே. நான்தான?"

"அது... சும்மா, ஒரு பொம்பள" என்றார் அண்ணன். காது வரைக்கும் சிவந்துவிட்டார். எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது, இந்த ஒன்றை மட்டும் ஏன் அவர் கையை விட்டுத் தரவில்லை என்று. கல்லுளிமங்கன்!

"சும்மா ஒரு பொம்பளையா?" அண்ணி இடுப்பில் கையை வைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், திரையில் ஒன்று, வெளியில் ஒன்று, அச்சு அசல் ஒரே ஆள். "இத்தினி வருசமா நிக்க வச்சுகினு கீற. சாமைய காயப்போட்டுட்டு வெயிலே இல்லாம நிக்கறேன் நானு. எப்ப காயும், எப்ப குத்தறது, எப்ப சோறாக்கறது? வெயில போடச் சொல்லு மேரிய. கை போச்சு கை போச்சுன்னு வூட்டுக்குள்ளயே குந்திகினு கீற, டாக்டர் செய்யச் சொன்ன எதையும் செய்யறதில்ல. உன் கைக்கு நான் எத்தினி நாளுய்யா அழுவறது?"

சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்து போய்ப் புளியை எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

அண்ணன் நிலைப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "உச்சி வெயில் போடு" என்றார். "ஆனா கோட்ட மறைக்காத."

"கொஞ்சமா மறைக்கறேன்" என்றேன்.

உங்களிடம் ஒருவர் எதைக் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், நிறத்தை மாற்றுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். படம் முடிவதே சிலருக்குப் பயமாக இருக்கும். அதை எந்த பிரஷ்ஷும் சரி செய்யாது. உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும், அல்லது அண்ணி மாதிரி யாராவது வந்து நாலு திட்டுத் திட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குக்கூடப் போகவில்லை. காலையிலேயே உட்கார்ந்துவிட்டோம். அட்டைப் படம் என்றாலே நிலா, நெருப்பு, ஊதா நிற வானம் என்று போட்டுப் பழகிய கை எனக்கு. நட்டநடு மதிய வெயிலில் டிராகனை நான் அதுவரை போட்டதில்லை. நிழல் எல்லாம் காலடியில் ஒடுங்கிவிட்டது, ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அவர் விரல் சாவி மேல்தான் இருந்தது, ஆனால் இப்போது பார்த்துப் பார்த்து இறங்கியது. பாறைக்கு நான் கறுப்பு கூட்டியபோது எடுத்தார், சரிதான். மூக்கு ஓட்டையில் புகை விட்டேன், எடுத்தார், அதுவும் சரிதான். மூச்சைப் பிடித்திருக்கிற மிருகத்துக்குப் புகை ஏது? பலாத்தோலை மறுபடி போட்டேன். விட்டுவிட்டார். "நேத்தே நல்லாத்தான் இருந்திச்சு" என்று முணுமுணுத்தார். பேனாவால் அவர் தலையில் ஒன்று போடலாமா என்றிருந்தது எனக்கு.

மதியத்துக்கு மேல் இறக்கையும் சாமையும் அந்தப் பெண்களும் மட்டும்தான் பாக்கி. இடுப்பில் கை வைத்த பெண்ணுக்குச் சிவப்புப் புடவை போட்டேன். அமுக்கிவிட்டார்.

"அவ செவப்பு கட்ட மாட்டா" என்றார்.

புளிக் கூடையிலிருந்து குரல் வந்தது. "வாங்கிக் குடுத்தாத்தான கட்றதுக்கு!"

அண்ணன் சிரித்துவிட்டார். பக்கவாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்படிச் சிரிக்கும்போதும் தும்மும்போதும் அந்த வலது கை அதுவாகத் தூக்கிப்போடும் என்று அண்ணி முன்பே சொல்லியிருந்தார். நான் மறந்துவிட்டேன். அப்போதுதான் வெளிர் மஞ்சளைத் தொட்டு, வெயில் போடுவதற்காகப் பேனாவை இறக்கையில் வைத்திருந்தேன். துண்டின் மேல் கிடந்த கை துள்ளி வந்து என் கை மேல் விழுந்து, பேனாவையும் என்னையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டது.

திரையைக் கிழித்தது போல ஒரு மஞ்சள் கோடு. இறக்கை நுனியில் ஆரம்பித்து, சாமையைத் தாண்டி, அந்தப் பெண்ணின் தோள் மேல் ஏறி, டிராகனின் கண்ணுக்குக் கீழே போய் நின்றது. நேராகவும் இல்லை, வளைவாகவும் இல்லை. நடுவில் ஒரு இடத்தில் தடித்து, ஒரு இடத்தில் நடுங்கி இருந்தது.

"ஐயையோ" என்றேன். "அமுக்குங்க அண்ணா, அமுக்குங்க. காலைலேர்ந்து போட்டதெல்லாம் போச்சு."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. விரல் சாவி மேலேயே இருந்தது. திரையைப் பார்த்தார். என் கை மேல் கிடந்த தன் வலது கையைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அண்ணி புளி தட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்து எங்கள் பின்னால் நின்றார். பார்க்கப் பார்க்க எனக்கும் தெரிந்தது, மேகம் விலகும்போது உச்சி வெயில் ஓடி வந்தால் அப்படித்தான் வரும். நான் எத்தனை நாள் முயன்றாலும் அந்த நடுக்கத்தோடு எனக்குப் போட வராது. ஆனாலும் அது என் கையால் திட்டமிட்டுப் போட்டதில்லையே என்று பதறி, சாவியை அமுக்க நானே கையை நீட்டினேன்.

அவர் தன் இடது கையை விரித்து, சாவியை முழுவதுமாக மூடிக்கொண்டார்.

"அத தொடாத மேரி" என்றார். "அது என் கை போட்டது. சேவ் பண்ணு."